மொனாக்கோவில் ஒரு சுண்ணாம்புப் பாடம்

மத்தியதரைக் கடலோரம், செங்குத்துப் பாறையில் ஜம்மென்று நிற்கிறது மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகம். இளவரசர் முதலாம் ஆல்பர்ட் 1910-ல் திறந்தது. கண்ணாடித் தொட்டிகளில் உயிருள்ள பவளங்கள்!

'கீழேதான் கடல் இருக்கே, மொண்டு ஊத்தினா போச்சு' என்று நினைத்தேன். அதுதான் இல்லை! பவளம் ஒரு குட்டிக் கொத்தனார். லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியம், கூடவே கார்பனேட் இருந்தால்தான் சுவர் எழும்பும். தினமும் அது எடுத்துக்கொள்வதை நாம் திருப்பித் தர வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட் ஏறினால் பாசி வந்து மூடிவிடும்.

1980-களில் ழான் ஜோபேர் என்ற விஞ்ஞானி ஒரு வழி கண்டார். தொட்டியின் அடியில் கொஞ்சம் நீர் இடைவெளி, அதன்மேல் கனமான பவள மணல் படுக்கை. ஆக்சிஜன் குறைந்த ஆழத்தில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியே அனுப்பும். மணலும் மெல்லக் கரைந்து கால்சியம் கொடுக்கும்.

வீட்டுத் தொட்டிக்காரர்கள் சிலர் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். சாட்சாத் நம்ம வெத்திலைச் சுண்ணாம்புதான்! அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் தண்ணீர் பாலாய் வெளுத்து, பவளம் காலி. 'சுண்ணாம்பு கூடினா வாய் வெந்துடும்டா' என்று பாட்டி சொன்னது சும்மாவா?

வெளியே வந்து கடலைப் பார்த்தேன். நாம் விடும் கரியமிலவாயுவைக் குடித்துக் குடித்து, அதன் காரத்தன்மை குறைந்துகொண்டே வருகிறது. தொட்டிக்குச் சொட்டு விட ஆள் இருக்கிறது. கடலுக்கு?