பிரயாணத் தொழிலைக் கற்கும் பிள்ளைகள்

1841ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5ஆம் திகதி இங்கிலாந்திலே லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்னும் ஊருக்கு ஒரு புகைவண்டி சென்றது. அதிலே ஏறத்தாழ 500 பேர், தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில், மதுவிலக்குக் கூட்டமொன்றிற்குச் சென்றனர். அவர்களைத் திரட்டி அழைத்துச் சென்ற தோமஸ் குக் என்பவர் மரவேலை செய்து பிழைத்தவர், சமயப் பிரசாரகர். குடியை ஒழிக்கும் நோக்கத்தோடு அவர் செய்த அக்காரியமே, பிரயாணத்தை ஒரு தொழிலாக்கிய முயற்சிகளுக்கு முன்னோடி என்று இத்துறையின் பாடநூல்கள் கூறுகின்றன. இன்றோ மதுச்சாலை இல்லாத பெரிய ஹோட்டலைக் காண்பது அரிது. காலத்தின் வேடிக்கை அது.

இவ்வரலாற்றை எனக்கு அறிவித்தவள் என் தமக்கையின் மகள். சுற்றுலா முகாமைத்துவமும் சந்தைப்படுத்தலும் கற்கின்ற முதலாண்டு மாணவி. அவளுடைய ஆங்கிலப் புத்தகங்களை வாசித்து விளங்கிக்கொள்வதற்கு உதவப்போய், சில மாதங்களாக நானும் பாதி மாணவனாகிவிட்டேன். வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்ற தடத்தைவிட்டு விலகி ஒரு பிள்ளை இக்கல்வியை விரும்பினால் நம் வீடுகள் கலங்குவது வழக்கம். எங்கள் வீடும் அதற்கு விலக்கன்று. "கோப்பை கழுவவோ பிள்ளையை இவ்வளவு தூரம் படிப்பிச்சனாங்கள்?" என்று கேட்டவர் எழுபத்தெட்டு வயதான என் தாயார்.

கோப்பை கழுவுவதும் பாடத்தில் உண்டு. அதை மறைப்பதிற் பயனில்லை. சமையலறை, படுக்கையறை, வரவேற்பு மேசை ஆகிய இடங்களில் நின்று வேலை பழகாதவர் பிற்காலத்தில் முகாமையாளராக அமர்ந்தாலும் ஊழியர் அவரை மதியார். ஆயினும் இக்கல்வியின் உயிர்நிலை வேறோரிடத்தில் இருக்கின்றது. அரிசி வியாபாரி இன்று விற்காத மூடையை நாளை விற்கலாம். ஹோட்டற்காரர் இன்றிரவு வெறுமையாய்க் கிடந்த அறையை நாளை விற்க முடியாது. அந்த இரவு போனது போனதுதான். விமானத்தின் ஆசனமும் அப்படியே. முன்கூட்டியே பதிவு செய்வோருக்குக் கட்டணக் கழிவு, கடைசி நேரத்தில் இரத்துச் செய்வோருக்குத் தண்டம், வாரத்துக்கு வாரம் மாறும் விலை என்று நமக்கு விளங்காத பல தந்திரங்களுக்கும் வேர் இந்த ஒரு உண்மையே. அன்றியும், வாங்குபவர் தொட்டுப் பார்த்தோ சுவைத்துப் பார்த்தோ வாங்கும் பண்டம் அன்று இது. பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரு படத்தையும் சில வார்த்தைகளையும் நம்பிப் பணம் செலுத்துகின்றார். வந்து சேர்ந்தபின், உணவு பரிமாறுபவரின் முகக்குறிப்புங்கூட அவர் வாங்கிய பண்டத்தில் ஒரு பகுதியாகிவிடுகின்றது. பொருள், விலை, இடம், விளம்பரம் என்று சந்தைப்படுத்தலுக்கு வகுத்திருந்த நான்கு அங்கங்களோடு, மனிதர், செய்முறை, கண்ணாற் காணும் சான்று என மேலும் மூன்றைப் பூம்ஸ், பிட்னர் என்னும் இருவர் 1981இல் சேர்த்தது இதனாலேயே.

நம் நாட்டின் காலநிலை இத்தொழிலுக்கு வாய்த்த ஒரு கொடை. மார்கழி முதல் சித்திரை வரை தெற்கு, மேற்குக் கரைகளில் வெயிலும் அமைதியான கடலும் இருக்கும். தென்மேற்குப் பருவமழை அங்கே தொடங்கும்பொழுது நிலாவெளியும் பாசிக்குடாவும் அறுகம்குடாவும் விருந்தினரை ஏற்கத் தயாராகின்றன. சிறிய தீவொன்றில் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு கரையிற் பருவம் இருப்பது எல்லா நாடுகளுக்கும் கிட்டுவதன்று. ஊழியருக்கோ இதன் பொருள் வேறு. ஹோட்டற் பட்டியலிற் சேர்க்கப்படும் 10 சதவீதச் சேவைக் கட்டணம் ஊழியரிடையே பகிரப்படுவது இங்குள்ள வழக்கம். ஆகவே பருவ மாதத்து வருமானமும் மழை மாதத்து வருமானமும் ஒன்றல்ல. வேலைக்குச் சேருமுன் பிள்ளைகள் கேட்டறிய வேண்டிய முதற் கேள்வி இதுவென்பேன்.

பெண் பிள்ளைகளின் பெற்றார் கேட்கும் கேள்விகள் வேறு. இரவு வேலை உண்டா? உண்டு. தைப்பொங்கலன்றும் வேலையா? பெரும்பாலும் ஆம், மற்றவரின் விடுமுறையே இவர்களுக்கு வேலை நாள். எல்லாரிடமும் சிரித்துப் பேச வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு விடை சொல்வது சற்றுக் கடினம். ஆர்லி ஹொக்ஷீல்ட் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் எழுதினார். கைகால் உழைப்பைப் போலவே, மனத்தில் இல்லாத மலர்ச்சியை முகத்தில் வருவிப்பதும் ஓர் உழைப்பு என்றும், அது ஆளைக் களைப்படையச் செய்யும் என்றும் அவர் காட்டினார். நம் தாய்மார் வீட்டுக்கு வரும் விருந்தினர் முன்னிலையில் காலங்காலமாகச் செய்துவரும் உழைப்பும் அதுவே. கூலி மாத்திரம் இல்லை. பெற்றார் அஞ்சவேண்டியது சிரிப்புக்கன்று. எழுத்தில் நியமனக் கடிதம் உண்டா, இரவிலே வீடு சேர்க்க வாகனம் உண்டா, தங்குமிடம் எத்தகையது, முறைப்பாட்டை யாரிடம் சொல்வது என்பவற்றை விசாரித்துக்கொள்ளவேண்டும்.

மற்றோர் அச்சமும் நியாயமானதே. 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் இந்நாட்டுக்கு வந்தனர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. 2020இல் கொள்ளைநோய் வந்து விமான நிலையங்கள் மூடப்பட்டன. 2022இல் எரிபொருளுக்கு நாமே வரிசையில் நின்றோம். 2024இல் வருகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டிற்று. விழுந்தும் எழுந்தும் நடக்கின்ற இத்தகைய தொழிலை நம்புபவர் கணக்கியலோ, பிறமொழியோ, கைவசம் இன்னொன்றும் வைத்திருத்தல் நலம். ஜெர்மன் மொழியோ பிரெஞ்சு மொழியோ அறிந்தவருக்கு மழைமாதத்திலும் மொழிபெயர்ப்பு வேலை அகப்படலாம்.

வடக்கே இத்தொழில் இப்பொழுதுதான் கால் ஊன்றுகின்றது. யாழ்தேவி 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. பலாலிக்கு 2019இல் இந்திய விமானம் வந்தது. 2023இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. வருகின்றவர்களுக்கு நம் ஊரைச் சொல்லப்போவது யார்? அனுமதிப்பத்திரம் பெற்ற வழிகாட்டிகளில் நாடு முழுவதும் செல்லத்தக்கவர், வாகனமும் தாமே ஓட்டுபவர், ஒரு பிரதேசத்துக்கு மட்டும் உரியவர், ஒரு தலத்துக்கு மட்டும் உரியவர் எனப் பல வகையினர் உளர். நம் பிள்ளைகள் அதைப் பெற முன்வராவிட்டால் நல்லூரில் ஆண்கள் மேலாடை களைவதன் காரணத்தையும், நெடுந்தீவுக் குதிரைகளின் கதையையும் வெளியூரிலிருந்து வருபவர் ஒருவர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். அவர்மீது குறை சொல்லவும் முடியாது.

அண்மையில் என் மருமகளுக்கு வகுப்பிலே ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஏதாவதொரு தலத்தைத் தெரிந்து, விருந்தினருக்குச் சொல்வதுபோல் பத்து நிமிடம் பேசவேண்டும். அவள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் தெரிந்தாள். வீட்டிலே எங்கள் முன்னிலையிற் பேசிப் பழகினாள். வெண்ணிறக் கட்டடம், கோபுர மாடங்கள், முன்னே வீற்றிருக்கும் சரஸ்வதி சிலை, படம் எடுப்பதற்கு உகந்த நேரம் என்று அழகாகவே சொன்னாள். விளம்பரத் தாள்களின் பாங்கு அதில் நன்றாகப் படிந்திருந்தது. மூலையில் இருந்த என் தாயார், "எரிஞ்சதைச் சொல்லேல்லையே?" என்றார்.

"அம்மம்மா, விடுமுறைக்கு வாறவை. அதைக் கேட்டால் மனம் கஷ்டப்படாதோ?"

"படட்டும் பிள்ளை. எங்களுக்குப் பட்டதுதானே."

அதன்பின் வீட்டிலே நெடுநேரம் விவாதம் நடந்தது. துயரம் நிகழ்ந்த இடங்களை மனிதர் தேடிச் செல்வதை 1996இல் ஸ்கொத்லாந்து ஆய்வாளர் இருவர் ஆராய்ந்து, அதற்கு 'இருட் சுற்றுலா' என்று பொருள்படும் பெயரும் இட்டிருக்கின்றனர் என்று மருமகள் சொன்னாள். பெயர் இட்டுவிட்டால் அதற்கு விலையும் இட்டுவிடுவார்கள் என்பது அவளுடைய பயம். சொல்லாமல் விட்டால் பொய். சொல்லிச் சொல்லிக் காசாக்கினால் அதுவும் ஒருவகை அவமதிப்பு. இவ்விரண்டுக்கும் நடுவே எப்படிப் பேசுவதென்று அவளுடைய புத்தகங்களிலே தேடினேன். விலை நிர்ணயத்துக்கு ஐம்பது பக்கம் இருந்தது. இதற்கு அரைப்பக்கமும் இல்லை.

அவளே ஒரு வழி கண்டாள். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலே தொடங்கிய சிறு வாசிகசாலை. 1959இல் திறக்கப்பட்ட கட்டடம். 1981 மே 31 இரவு முதல் ஜூன் 1 வரை எரிந்த 97,000க்கு மேற்பட்ட நூல்கள். 2003இல் மீண்டும் திறந்த கதவு. இவற்றை அடைமொழி எதுவும் சேர்க்காமல் முற்றத்தில் நின்றே சொல்லிவிடுவாள். பின்னர் ஒரு நிமிடம் ஒன்றும் பேசமாட்டாள். அதன்பிறகே உள்ளே அழைத்துச் செல்வாள். சரஸ்வதி சிலையும் படம் எடுக்கும் நேரமும் கடைசியில் வரும்.

சிறுமியாக இருந்தபொழுது தாம் அமர்ந்து வாசித்த மேசை எந்த யன்னலருகே இருந்தது என்பதையும் என் தாயார் அவளுக்குச் சொல்லியிருக்கின்றார். அதையும் பேச்சிலே சேர்க்கட்டுமா என்று அவள் கேட்டாள். "வேண்டாம், அது உனக்குச் சொன்னது," என்றார் தாயார்.