கொக்குத் தண்ணி

அப்பத்தா ஊருக்கு ஐப்பசியில் பேருந்து திரும்பும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். பறவை எச்சம், சேறு, பாசி எல்லாம் கலந்த ஒரு வீச்சம்; முதல் நாள் சோறு இறங்காது, மூன்றாம் நாள் அது இருப்பதே மறந்துபோகும். திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய் அது. மழைத்தண்ணீரில் பாதி முங்கி நிற்கும் கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் வக்காவும் கிளை தெரியாமல் அடைந்திருக்கும். ஊருக்கு எல்லாமே கொக்குதான்.

தீபாவளிக்கு நான் ஆசையாய்க் கொண்டுபோன வெடிக்கட்டை அப்பத்தா வாங்கி நெல் குலுக்கைக்கு மேல், எனக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுவாள். "ஒங்க ஊர்ல போயி போட்டுக்க அப்பு, இங்கன குஞ்சு கெடக்கு." அந்தக் கொக்குகள்மேல் எனக்கு அப்படியொரு கோபம். 1977-இல் வேட்டங்குடியோடு சேர்த்துச் சரணாலயம் என்று அறிவித்தார்களாம்; எனக்குத் தெரிந்த காவல்காரி அப்பத்தாதான்.

ஐயாவுக்கோ கண்மாய் என்றால் வேலை. புரட்டாசியிலேயே வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரத்துக்கால் வெட்டப் போகவேண்டும், வராத வீட்டைப் பற்றி டீக்கடையில் வருசம் முழுக்கப் பேசுவார்கள். மடை திறந்து முறை வைத்துப் பாய்ச்சும் நாளில் என்னையும் விடியலில் எழுப்பிக் கூட்டிப்போவார். வாய்க்காலில் பச்சையாய், கொழகொழவென்று வரும் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிக் காட்டி, "கொக்குத் தண்ணிடா, இது பாஞ்சா உரம் பாதி போதும்" என்பார். நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். தலைக்குமேல் நாரைகள் அலகை அலகில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கோடை விடுமுறைக்குப் போனால் அதே கண்மாய் வெடித்துக் கிடக்கும், ஒரு பறவை இருக்காது. கரம்பை மண்ணை வெட்டி மாட்டுவண்டியில் வயலுக்கு அடிப்பார்கள். கண்மாய்க்கு ஆழம், வயலுக்குச் சத்து. பாரத்தின் உச்சியில் உட்கார்ந்து வருவது என் வேலை. மண்ணுக்குள் நத்தை ஓடுகள் அகப்படும், பெரும்பாலும் முழுசாக, உள்ளே ஒன்றுமில்லாமல். பக்கத்து வீட்டில் நத்தைக்கறி ருசி கண்டிருந்த நான், நம் வீட்டில் ஏன் ஆக்குவதில்லை என்று வண்டியிலிருந்தே நச்சரித்தேன். ஐயா மாட்டை அதட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தக் கொக்கு நமக்கு எங்கடா மிச்சம் வச்சுச்சு?"