தண்ணீர் ஏறிய வண்டி

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டார்கள். தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அந்த நீரெல்லாம் அடையாற்றில் சேர்ந்து இறங்கியபோது, கரையை ஒட்டிய ஈக்காட்டுத்தாங்கல் தெருக்களில் ஆறு எது, சாலை எது என்று தெரியவில்லை. நாங்கள் மாடியில் இருந்ததால் பிழைத்தோம். கீழே நின்ற எங்கள் மாருதி 800 டேஷ்போர்டு வரை முழுகிவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் நான் செய்ய நினைத்த முதல் காரியம் சாவியைப் போட்டுத் திருப்புவதுதான். எங்கள் மெக்கானிக் போனிலேயே தடுத்துவிட்டார். "தயவுசெஞ்சு ஸ்டார்ட் மட்டும் போட்டுடாதீங்க மேடம். நான் வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்க." காரணத்தைப் பிறகு விளக்கினார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே ஏறும்போது அதற்கு வழி கிடைக்காது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்ற யோசனை. டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் கனெக்டர்களில் அதற்குள்ளேயே பச்சை பூக்கத் தொடங்கியிருந்தது. சரிசெய்ய ஆகும் செலவு அந்த வண்டியின் விலையைத் தாண்டும் என்றார்.

பழைய வண்டி என்பதால் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்தான் இருந்தது. அதில் நம் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்கு ஒரு பைசா வராது. ஆக, அந்த வண்டியை என்ன செய்வது என்பது முழுக்க என் முடிவாக இருந்தது.

அந்த டிசம்பரில் எங்கள் பகுதிக்குள் புது முகங்கள் நிறைய வந்தன. முழுகிய வண்டிகளை நின்ற இடத்திலேயே விலை பேசி எடுத்துப் போனார்கள். ஒருவர் எனக்கும் நல்ல விலை சொன்னார். உரிமை மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போட வேண்டும், பெயரும் தேதியும் காலியாக இருக்கட்டும் என்றார். அந்த வண்டிகளில் பல கழுவித் துடைத்து, சீட் உறை மாற்றி, வெளியூரில் நல்ல வண்டி என்று விற்கப்படும் என்பதை மெக்கானிக் சொல்லித் தெரிந்துகொண்டேன். என் வண்டியை வாங்கி அப்படி ஒரு குடும்பம் ஏமாறக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் தானமாகக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

அந்த எண்ணத்துக்குள் இருந்ததை எல்லாம் இங்கே சொல்லிவிட வேண்டும். வெள்ளத்தில் எத்தனையோ போய்விட்டிருந்தன. ஒன்றையாவது யாருக்கோ பயன்படும்படி செய்தால் மனம் ஆறும் என்ற ஏக்கம் இருந்தது. அதோடு, அந்தச் சேற்று வாடை வீசும் வண்டி கண்முன்னே நிற்காமல் போக வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன.

நான் அவ்வப்போது போய்வரும் ஒரு முதியோர் இல்லத்தைக் கேட்டேன். அதன் பொறுப்பாளர் அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மிகவும் மரியாதையாக மறுத்தார். "வண்டி கொடுக்கணும்னு நினைச்சீங்களே, அதுவே சந்தோஷம்மா. ஆனா இதை ஓட வைக்கிற காசு இருந்தா, நான் ரெண்டு மாசம் ஆட்டோ பில்லைக் கட்டிடுவேன். வண்டி ஓடலைன்னா அதை வைக்க இடமும் இல்ல, விக்க நேரமும் இல்ல." ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஆட்டோ செலவுதான் அவர்களுக்கு மாதாமாதம் கழுத்தைப் பிடிக்கும் செலவு. அவர் சொல்லிய பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. கொடுப்பவருக்கு நிம்மதியையும் வாங்குபவருக்கு வேலையையும் தருவது தானமாகாது என்று நான் அன்றிலிருந்து உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர், அங்கே பழுதான காரைத் தொண்டு நிறுவனங்களே ஆள் அனுப்பி இழுத்துச் சென்று ஏலம் விடுகின்றன, அதற்கு வரிச்சலுகையும் உண்டு என்றார். உண்மைதான். ஆனால் அங்கேயும் வண்டியின் மதிப்பை ஆளாளுக்கு அதிகமாகக் காட்டியதால் 2004இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 500 டாலருக்கு மேல் கணக்குக் காட்ட வேண்டுமானால், பெரும்பாலும் அந்த நிறுவனம் வண்டியை விற்ற விலைதான் கணக்கு. நம் ஊரில் அந்த ஏற்பாடே கிடையாது. வருமான வரிச் சட்டத்தின் அப்போதைய 80ஜி பிரிவில் பணமாகக் கொடுத்தால்தான் விலக்கு இருந்தது. பொருளாகக் கொடுத்தால் அது எவ்வளவு மதிப்புள்ளதானாலும் கழிவு இல்லை. கார், கட்டில், அரிசி மூட்டை எல்லாம் ஒன்றுதான். வரிக்காகக் கொடுக்க நினைப்பவர்கள் வண்டியை முறையாக விற்று, அந்தத் தொகையைக் காசோலையாகக் கொடுப்பதே சரி.

எனக்கு வழி காட்டியதும் அதே மெக்கானிக்தான். கிண்டி தொழிற்பேட்டை பக்கம் ஒரு அறக்கட்டளை நடத்தும் தொழிற்பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார். படிப்பைப் பாதியில் விட்ட பையன்களுக்கு அங்கே ஆட்டோமொபைல் வேலை கற்றுக்கொடுக்கிறார்கள். ஆசிரியர் கேட்ட கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. "ஓடற வண்டி எங்களுக்கு நிறைய வந்திருக்கு மேடம். இது எப்படிக் கெட்டுச்சுன்னு முழுசா சொல்ல முடியுமா?" தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது, சாக்கடை கலந்த தண்ணீரா, இடையில் யாராவது ஸ்டார்ட் செய்து பார்த்தார்களா, பேட்டரி எப்போது கழற்றப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். யாரும் ஸ்டார்ட் போடவில்லை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ராடு வளையாத எஞ்சினைப் பிரித்துத் துடைத்து மாணவர்களே உயிர்ப்பிக்கலாம், அதைவிட நல்ல பாடம் இல்லை என்றார்.

அவர் நிபந்தனைகளும் போட்டார், எனக்கு அது பிடித்திருந்தது. பெட்ரோல் டேங்க் காலியாக இருக்க வேண்டும். ஊறிய சீட்டுகளையும் தரை விரிப்பையும் நாங்களே அகற்ற வேண்டும், ஏனென்றால் அந்தச் சேறு பிள்ளைகளின் கையில் படக் கூடாது. இழுத்து வரும் செலவு எங்களுடையது. சாலையில் இனி ஓடாது என்பதற்கான பேப்பர் வேலையும் எங்களுடையது. கதவில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டுத் தரச் சொன்னார். கோட்டுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு பாகத்தையும் சந்தேகத்தோடு பார்க்க மாணவர்கள் பழக வேண்டுமாம்.

பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தபோது எஞ்சின் மேடையில் பிரிந்து கிடந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். ஒரு பையன் பேரிங்கைக் கையில் வைத்து, துரு எங்கே தொடங்கி எப்படிப் பரவியிருக்கிறது என்று என்னிடம் விளக்கினான். நான் அந்த வண்டியை அத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். அவனுக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது. மனம் நிறைந்துபோனது.

பேப்பர் வேலை சலிப்பூட்டியது, ஆனால் அதை விட்டுவிடவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 55ஆம் பிரிவுப்படி, வண்டி இனி ஓட்டவே முடியாத நிலைக்குப் போனால் உரிமையாளர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழை (ஆர்.சி.) ஒப்படைக்க வேண்டும். அப்படியே எழுதிக் கொடுத்துப் பதிவை ரத்து செய்தோம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தெளிவாகச் சொன்னது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே. காலி ஃபார்மில் கையெழுத்துப் போட்டவர்களை நினைத்து அன்று எனக்குக் கவலையாக இருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் என் தோழியின் கார் முழுகியது. தானம் கொடுக்க வேண்டும் என்று என்னைக் கேட்டாள். "கடன் முடிஞ்சிருச்சா? இன்ஷூரன்ஸ் எது?" என்றுதான் முதலில் கேட்டேன். அவளுடையது முழுக் காப்பீடு. சரிசெய்யும் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டியதால் முழு இழப்பாகக் கணக்கிட்டார்கள். முழுத் தொகையும் வாங்கிக்கொண்ட பிறகு அந்த வண்டி அவளுடையது இல்லை, கொடுக்கும் உரிமையும் இல்லை. முதியோர் இல்லத்து அம்மா சொன்ன ஆட்டோ பில்லைப் பற்றி அவளிடம் சொன்னேன். வந்த தொகையில் ஒரு பங்கைக் காசோலையாக அந்த இல்லத்துக்கே கொடுத்தாள். ரசீது 80ஜி எண்ணோடு வந்தது.