காற்று புகுந்த எண்ணெய்

ஒரே தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவனுக்கு நேரும் கஷ்டங்களுள் முழங்கால் வலியைவிடப் பெரியது, அந்தத் தொழிலை அரைகுறையாக அறிந்தவர்கள் தீர்மானமாகப் பேசும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருப்பதுதான். பாரிஸின் வடக்குப் புறநகர் ஒன்றில், எங்கள் புதுச்சேரிக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தின்போது பழைய சித்ரோயன் வண்டிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கராஜ் வேலைக்குப் படித்துச் சான்றிதழும் வாங்கிவிட்ட உறவுக்காரப் பையன் ஒருவன், "அதில் என்ன இருக்கிறது தாத்தா? பழைய எண்ணெயை இறக்கிப் புதியதை ஊற்றினால் அரைமணியில் முடிந்தது" என்றான். பையன் நல்லவன், சுறுசுறுப்பானவனுங்கூட. பந்தியில் உட்கார்ந்து வாதாடுவது அழகல்ல என்று அங்கே நான் பேசாமல் இருந்துவிட்டேன். இங்கே அப்படி இருக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடாகி, எங்கள் தகப்பனாரும் எழுதிக் கொடுத்தார்; நான் இந்தத் தேசத்துக்கு வந்து சித்ரோயன் கராஜ் ஒன்றில் மெக்கானிக்காகச் சேர்ந்தது அதன் பலன். அதே மாதம் 22-ஆம் தேதி, பாரிஸுக்கு வெளியே பெத்தி கிளாமார் என்ற இடத்தில் ஜனாதிபதி தெகோல் சென்ற வண்டியின்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்ததும், டயர்கள் துளைபட்ட பிறகும் அந்த வண்டி நிலை தடுமாறாமல் ஓடிப் பிழைத்ததும் உலகமறிந்த விஷயம். அந்த வண்டி சித்ரோயன் டி.எஸ். ஓட்டியவரின் தைரியத்தைப் பத்திரிகைகள் புகழ்ந்தன, அது நியாயமே. ஆனால் நான்கு சக்கரங்களையும் சமநிலையில் தாங்கி நின்ற எண்ணெயையும் வாயுவையும் பற்றி எழுதியவர்கள் சிலரே.

1955 அக்டோபர் 5-ஆம் தேதி பாரிஸ் கண்காட்சியில் அந்த வண்டி முதன்முதலாகப் பிரத்தியட்சமானபோது, ஒரே நாளில் பன்னிரண்டாயிரம் பேர் அதற்கு முன்பதிவு செய்தார்கள் என்பது சரித்திரம். அதன் தாங்குமுறையைக் கண்டுபிடித்த போல் மாழேஸ் என்பவர் பொறியியற் பட்டம் பெறாதவர். பதினேழு வயதில் கம்பெனியில் சேர்ந்து, கைப்பழக்கத்தாலும் சிந்தனையாலும் உயர்ந்தவர். பின்னாளில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியாரே இதே வித்தைக்கு உரிமம் வாங்கித் தங்கள் வண்டியில் அமைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். கர்வம் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

இந்த வண்டிகளில் எஃகு ஸ்பிரிங் இல்லை என்பதும், ஒவ்வொரு சக்கரத்தின் பாரத்தையும் ஓர் எஃகுக் கோளத்துக்குள் அடைபட்ட நைட்ரஜன் வாயுவே தாங்குகிறது என்பதும், அந்த வாயுவுக்கும் சக்கரத்துக்கும் இடையே தூது போவது எண்ணெய் என்பதும் யாவரும் அறிந்தவையாதலால் அவற்றை விஸ்தரிக்கப் போவதில்லை. அழுத்தம் சுமார் 150 பாருக்கு இறங்கும்போது ரெகுலேட்டர் பம்பின் எண்ணெயை உள்ளே அனுப்பி, 170 பாரை எட்டியதும் தொட்டிக்கே திருப்பிவிடுவதும், முன்னும் பின்னும் இருக்கும் கொரெக்டர்கள் வண்டியின் உயரத்தைத் தாமே காத்து நிற்பதும் அவ்வண்ணமே. ஆனால் இளைஞர்கள் மறந்துவிடுகிற சங்கதி ஒன்று உண்டு. வண்டியை உயர்த்தித் தாழ்த்துகிற அதே எண்ணெய்தான் பிரேக்கையும், பெரிய வண்டிகளில் ஸ்டியரிங்கையும் இயக்குகிறது, பின்னாளில் வந்த சித்ரோயன் சி.எக்ஸ். வண்டியின் பின்பிரேக்கோ பின்புறத் தாங்குமுறையின் அழுத்தத்திலிருந்தே தன் பலத்தைப் பெறுகிறது. ஆகையால் எண்ணெய் மாற்றுகிறவன் வண்டி முழுவதையும் தொட்டுவிடுகிறான் என்பதும், அவன் ஓரிடத்தில் செய்த அலட்சியம் முற்றிலும் வேறோர் இடத்தில் வியாதியாக வெளிப்படும் என்பதும் இத்தொழிலின் பாலபாடம்.

எண்ணெயின் நிறத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பழைய டி.எஸ். வண்டிகளில் இருந்தது சிவப்பு எண்ணெய், ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உடையது; 1966-67-இல் அதன் இடத்துக்கு வந்த பச்சை எண்ணெய் கனிம எண்ணெயிலிருந்து செய்யப்பட்டது. ஒன்றின் ரப்பர் வளையங்களுக்கு மற்றது விஷம். சிவப்புக்குரிய பாகங்களுக்குக் கறுப்பு வர்ணமும் பச்சைக்குரியவற்றுக்குப் பச்சை வர்ணமும் அடித்து, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும்படி செய்திருந்தும், பச்சைத் தொட்டிக்குள் சாதாரண பிரேக் எண்ணெயை ஊற்றிவிட்டு, வண்டி முழுவதும் வளையங்கள் வீங்கிப் போன பிறகு எங்களிடம் கொண்டுவந்து நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எண்ணெய் மாற்றியாயிற்று, வண்டி எழும்பவில்லை, என்ன செய்வது? பெரும்பாலும் பம்ப் வறண்டிருக்கும். ரெகுலேட்டரின் திருகாணியை ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்தி (முழுவதும் கழற்றுகிறவன் அதன் அடியில் இருக்கும் சின்னஞ்சிறு குண்டைத் தரையில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்), பம்புக்குச் செல்லும் குழாயை எண்ணெயால் நிரப்பி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பம்ப் எண்ணெயைப் பற்றிக்கொண்ட பிறகு திருகாணியை இறுக்க வேண்டும். அப்பால் உயரத்தை மாற்றும் நெம்புகோலை உச்சிக்கும் அடிக்கும் பலமுறை மாற்றி, வண்டியை எழுப்பி இறக்கி எழுப்பினால், குழாய்களுக்குள் சிக்கிய காற்று தானே தொட்டிக்குத் திரும்பி வெளியேறிவிடும். பிரேக்கின் காற்றை மட்டும் தனியே எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் வண்டிக்கு அடியில் போகிறவன் இரும்புத் தாங்கிகளை வைக்காமல் போகக்கூடாது; எண்ணெயை நம்பி ஏறி நிற்கும் வண்டி எண்ணெய் போன க்ஷணமே இறங்கிவிடும்.

எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டியது எஞ்சின் ஓடுகையில், வண்டி உச்ச நிலையில் இருக்கும்போது. தாழ்ந்து படுத்திருக்கும் வண்டியில் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி வந்திருக்கும்; அப்போது குறிவரைக்கும் ஊற்றித் திருப்தி அடைகிறவன், அது எழுந்து நிற்கையில் தொட்டி ஏறக்குறைய வெறுமையாகி, பம்ப் காற்றைக் குடிப்பதை அறியமாட்டான். இந்த ஒரு பிழையினாலேயே வந்த வண்டிகளைக் கொண்டு எங்கள் கராஜ் பல மாதங்கள் பிழைத்திருக்கலாம்.

எனக்கு இதையெல்லாம் கற்பித்தவர் பிரித்தானி பிரதேசத்திலிருந்து வந்த தலைமை மெக்கானிக் ஒருவர். குரு என்று சொல்லத் தகுந்த மனிதர் எனக்கு வேறு யாரும் வாய்க்கவில்லை. அதிகம் பேசாதவர்; பேசினாலும் பாதி வாக்கியத்தை மீசைக்குள்ளேயே வைத்துக்கொள்வார். வண்டி வந்து நின்றதும் முன்மூடியைத் திறக்கமாட்டார். எஞ்சினை ஓடவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு, ரெகுலேட்டர் 'டக்' என்று விழும் ஓசைக்கும் அடுத்த ஓசைக்கும் இடைவெளி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே நிற்பார். அடுத்து, எண்ணெயை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பார், முகர்வார்; நீண்ட திருப்புளியின் முனையைப் பம்பின்மீதும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக்கொள்வார். நான் சேர்ந்த புதிதில் அவர் எனக்குக் கொடுத்த வேலை, தொட்டியின் வடிகட்டிகளைப் பெட்ரோலில் கழுவி, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டுவது ஒன்றுதான். ஒரு கண்ணறை அடைபட்டிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்போது எனக்குக் கோபம் வந்ததுண்டு. கொரெக்டருக்குள் வால்வுக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஓரிரு மைக்ரான்தான் என்றும், புதிய எண்ணெய் ஊறப்போட்டுக் கிளப்பிவிடும் பழைய அழுக்கு போய் நிற்குமிடம் அதுதான் என்றும் அவர் ஒருநாள் போகிறபோக்கில் சொன்ன பின்பே அந்தக் கோபம் தணிந்தது.

அவருடைய சாமர்த்தியத்துக்கு ஓர் உதாரணமாவது சொல்லாமல் விட மனம் வரவில்லை. சி.எக்ஸ். வண்டியின் நீண்ட வகை அந்நாளில் பிரான்ஸ் தேசமெங்கும் ஆம்புலன்ஸாக ஓடியது. முதுகெலும்பு முறிந்தவனைக்கூட அலுங்காமல் கொண்டுபோகலாம் என்பதே காரணம். அப்படிப்பட்ட ஆம்புலன்ஸ் ஒன்று, வேறோரிடத்தில் எண்ணெய் மாற்றப்பட்ட பிறகு, விசித்திரமான நோயோடு எங்களிடம் வந்து சேர்ந்தது. நின்ற இடத்தில் அழகாக எழும்பும், இறங்கும்; ஒரு துளி ஒழுக்கும் இல்லை. நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் மாத்திரம் ஸ்டியரிங் திடீர் திடீரென்று கனக்கும், உடல் நடுங்கும், பம்ப் முனகும். அழுத்தத்தைச் சேமிக்கும் கோளத்தைக் கராஜில் மாற்றிப் பார்த்தார்கள், குணமில்லை. திரும்பு குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தப் பாகம் எண்ணெயை வீணாகத் தொட்டிக்கு விடுகிறது என்று பார்த்தார்கள், அதிலும் குற்றமில்லை. பம்பைத்தான் மாற்ற வேண்டும் என்று சகாக்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அதன் விலையோ ஆம்புலன்ஸ்காரரைப் படுக்கையில் தள்ளக்கூடியது.

விடுமுறையிலிருந்து திரும்பிய பெரியவர், எஞ்சினைச் சற்று நேரம் வேகமாக ஓடவிடச் சொல்லி, தொட்டியைத் திறந்து விளக்கைக் காட்டினார். உள்ளே எண்ணெய் தன் பச்சையை இழந்து, கடைந்த மோர்போல நுரைத்துக் கிடந்தது. காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது, ஆனால் எண்ணெய் வெளியே வரவில்லை. அழுத்தம் உள்ள குழாயில் இது சாத்தியமே இல்லை. அங்கே ஓட்டை இருந்தால் எண்ணெய் பீறிட்டு வெளியே அடித்திருக்கும். ஆக, குற்றம் உறிஞ்சல் நடக்கும் ஒரே வழியில், அதாவது தொட்டியிலிருந்து பம்ப் உறிஞ்சும் ரப்பர்க் குழாயில் இருந்தாக வேண்டும். இவ்வளவையும் அவர் வாயால் சொல்லவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்து, எஞ்சின் ஓடுகையிலேயே அந்தக் குழாய் தொட்டியைச் சேரும் மூட்டின்மீது சிறிது சொட்டவிட்டார். பம்பின் முனகல் நின்றது. சொட்டியது உறிஞ்சப்பட்டுத் தீர்ந்ததும் மீண்டும் தொடங்கியது.

கிளிப்பைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. எண்ணெய் மாற்றியவர் வடிகட்டியை எடுப்பதற்காக அந்தக் குழாயை உருவி, திரும்பச் செருகும்போது, கிளிப்பைப் பழைய தடத்தில் போடாமல் சிறிது தள்ளிப் போட்டிருக்கிறார். ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்து இறுகிப்போன ரப்பரில் அந்த இடத்தில் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு. வெடிப்பு தொட்டியின் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருந்ததால் நிற்கும் வண்டியில் ஒழுகவில்லை. பம்ப் பலமாக உறிஞ்சும்போது மட்டும் காற்றை உள்ளே விட்டது. ஒரு முழத்துக்கும் குறைவான புதிய குழாய், ஒரு புதிய கிளிப், கொஞ்சம் எண்ணெய், இவ்வளவுதான் செலவு. ஆம்புலன்ஸ்காரர் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவரோ வடிகட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை மறுபடி கழுவு" என்று என்னிடம் நீட்டினார்.

இப்போதைய நிலைமையை நினைத்தால் எழுதக் கை கூசுகிறது. கடைசி சித்ரோயன் சி5 வண்டி 2017-இல் வெளிவந்ததோடு இந்தத் தாங்குமுறையே நின்றுபோனது. அதற்காக நான் யாரையும் குறைகூறவில்லை, காலம் அப்படி. இருக்கிற வண்டிகளோ சேகரிப்பாளர்களின் கொட்டகைகளில் செல்லப் பிள்ளைகளாக வளர்கின்றன. விலையும் யானை விலை. ஆனால் அவற்றைத் தொடுகிற இளைஞர்களுக்கு, கம்ப்யூட்டர்ப் பெட்டியைச் செருகினால் குற்றத்தின் எண்ணைத் திரையில் காட்டும் என்ற பழக்கம் ஊறிவிட்டது, சி.எக்ஸ். வண்டியில் அதைச் செருக இடம் இல்லையே என்று விழிக்கிறார்கள். காத்து நின்று கேட்பதற்கு மணிக்கணக்குக் கூலி யாரும் கொடுப்பதில்லை என்பது அவர்கள் தரப்பு நியாயம். அதுவும் ஓரளவு உண்மைதான். பாகத்தை மாற்றினால் விலைச்சீட்டில் ஒரு வரி எழுதலாம், காதைக் கொடுத்ததற்கு என்ன வரி எழுதுவது? ஆகவே வண்டி நடுங்குகிறது என்று வருகிறவரிடம் ஐந்து கோளங்களையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றியும் நடுங்கினால் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். அதுவும் பயன்படாவிட்டால் பழைய வண்டி என்றால் இப்படித்தான் என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த ரப்பர்க் குழாய் மட்டும் இறுகிய கிளிப்போடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.