மொழிபெயர்க்காத ஒரு கேள்வி

பாடசாலைத் தவணை விடுமுறையில் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு, எங்கள் ஊரில் வான் வைத்து நடத்தும் நண்பர் வீட்டுக்கு வந்தார். "மாஸ்டர், கீழக்கரையிலயிருந்து ஒரு குடும்பம் கண்டிக்கு வந்திருக்கு. ஆறு பேர். நாளைக்கு ஒருநாள் சுற்றிக் காட்டணும். நம்மட சாரதிக்குச் சிங்களமும் இங்கிலீசும்தான். அவங்களுக்குத் தமிழில சொல்ல ஆள் வேணும். நீங்க கூடப் போனா நல்லம்" என்றார்.

எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. உடுநுவரப் பகுதிக் கிராமப் பாடசாலை ஒன்றில் இருபது வருடங்களாக வரலாறும் தமிழும் கற்பித்து வருகிறேன். கண்டி எனக்குப் பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். கம்பளை அதைவிடக் கிட்ட. இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது, வாயில் வருவதைச் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

காலை ஏழரைக்குக் கண்டி வாவிக் கரையில் அவர்களைச் சந்தித்தேன். எழுபத்தெட்டு வயதான ஹாஜியார் ஒருவர், அவருடைய மகனும் மருமகளும், மூன்று பேரப்பிள்ளைகள். மூத்த பேத்தி கல்லூரியில் படிக்கிறவள். எல்லாவற்றையும் கைபேசியில் படம்பிடித்தபடி இருந்தாள். சாரதியே வழிகாட்டியும். தவுலகலப் பக்கத்துச் சிங்களவர், ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை "அய்யா" என்றேன். அவர் என்னைச் "சேர்" என்றார்.

அவர் சிங்களத்தில் சொல்வார். நான் தமிழில் சொல்வேன். தலதா மாளிகைக்கு அருகில் மகுல் மடுவவின் மரத்தூண்களைக் காட்டி, 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியம் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது இங்கேதான் என்றார். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவன் என்பதையும், பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்ததையும் நானாகச் சேர்த்துச் சொன்னேன். "வேலூர்ல அந்த ராஜாவோட முத்து மண்டபத்த நான் பாத்திருக்கேன் தம்பி" என்றார் ஹாஜியார். "அவரு இங்கேயிருந்து அங்கே வந்து மவுத்தானாரு. எங்க ஆளுங்க அங்கேயிருந்து இங்கே வந்து மவுத்தானாங்க." அப்போதுதான் அவர் வெறும் சுற்றுலாவுக்கு வரவில்லை என்று விளங்கிற்று.

அவருடைய வாப்பாவும், வாப்பாவின் வாப்பாவும் கம்பளையில் கடை வைத்திருந்தவர்கள். தமிழ்நாட்டுக் கரையோரத்திலிருந்து வந்து வியாபாரம் செய்த முஸ்லிம்களை எங்கள் பக்கத்தில் சம்மான்காரர் என்போம். புடைவை, அரிசி, கருவாடு என்று மலைநாட்டுச் சிறு நகரங்களின் கடைத்தெருக்களில் ஒரு காலத்தில் அவர்கள் நிறைந்திருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பிரஜாவுரிமைச் சட்டங்களும் வதிவிட அனுமதிக் கெடுபிடிகளும் வந்தபோது பெரும்பாலோர் கடையைக் கைமாற்றிவிட்டு ஊர் திரும்பினார்கள். ஹாஜியாரின் வாப்பாவும் அப்படித் திரும்பியவர்தான்.

நகரை விட்டுப் புறப்படுமுன், கண்டி நமக்கும் உரியது என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசை வந்தது. 1838இல் இந்த நகரில் பிறந்த அறிஞர் சித்திலெப்பையைச் சொன்னேன். 1882இல் அவர் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தொடங்கியதையும், 1885இல் தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்றான 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டதையும் சொன்னேன். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட உராபி பாஷா கண்டியில் வசித்த வீடு இன்றும் ஹல்லொலுவ வீதியில் இருப்பதைச் சொன்னேன். தெல்தோட்டையில் பிறந்து 'கண்டிக் கலம்பகம்' பாடிய அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரைச் சொன்னேன். பேத்தி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை பதினொரு மணிவரைதான் நீடித்தது.

பேராதனையைத் தாண்டிப் பிலிமத்தலாவையில் திரும்பினால் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க என்று கம்பளை இராச்சியக் காலத்துத் தலங்கள் மூன்றும் வரிசையாக வரும். அவற்றைப் பற்றி நான் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஓர் உண்மையை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். அன்றுவரை அந்த மூன்றில் ஒன்றுக்கும் நான் போனதில்லை. என் வீட்டிலிருந்து ஏழெட்டு மைல்தான். சின்ன வயதில் "அது அவங்கட இடம்" என்றார்கள். பெரியவனான பிறகு நேரம் கிடைக்கவில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் நம்மவர்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, கண்டி மாவட்டம் முழுக்க ஊரடங்கு போட்ட நாட்களை எங்களில் யாரும் மறக்கவில்லை. 2019 ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, தாடியோடு ஒரு விகாரை வாசலில் போய் நிற்பதை நினைத்தாலே மனம் பின்வாங்கும். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு வரலாறு கற்பித்த விரிவுரையாளர், கள ஆய்வு இல்லாத வரலாற்றுப் பாடம் பாதிப் பாடம் என்பார். அதை அப்படியே பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான்.

ஒரு வாசலில் நுழைவுச்சீட்டு கொடுத்தவர் எங்கள் எல்லோரையும் தலையெண்ணி ஏழு வெளிநாட்டவர் என்று கணக்குப் போட்டார். சாரதி சிரித்துக்கொண்டே, "சேர் நம்ம ஊர்" என்றார். நான் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் தலையசைத்தார். அவர்மீது குற்றமில்லை. அங்கே நான் வெளிநாட்டுக்காரனைப் போலத்தான் சுற்றுமுற்றும் விழித்துப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

கடலாதெனிய பெரும்பாலும் கல்லால் ஆனது. அதைக் கட்டிய தலைமைச் சிற்பி தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேசுவராசாரி. தூண்களைப் பார்த்த ஹாஜியாரின் மகன், "நம்ம ஊர்க் கோயில் மாதிரியே இருக்கே" என்றார். அதன் ஆண்டு 1344. லங்காதிலகவும் அதே 1344தான், நான்காம் புவனேகபாகு காலம். இப்னு பதூதா இந்தத் தீவுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறியதும் அதே 1344இல். குனகார் என்று ஒரு தலைநகரை அவர் எழுதியிருக்கிறார். அது குருநாகல் என்பார் சிலர். கம்பளை என்பாரும் உண்டு. மூன்றையும் தனித்தனிப் பாடங்களில் கற்பித்த எனக்கு, ஆண்டு ஒன்றுதான் என்பது அந்தப் படிகளில் நின்றபோதுதான் உறைத்தது.

லங்காதிலக பெரிய கற்பாறையின் மேல் நிற்கிறது. ஒருபக்கம் வயல், மறுபக்கம் மலைத்தொடர். எல்லோரும் படம் எடுத்து முடிந்ததும் சாரதி என்னைக் கையால் அழைத்தார். பாறையில் வரிவரியாக எழுத்து. ஒரு பகுதி சிங்களம். இன்னொரு பகுதியைக் காட்டி, "சேர், மே தெமள அகுரு" என்றார். இது தமிழ் எழுத்து.

விகாரைக்கு வழங்கிய மானியங்களை இரண்டு மொழியிலும் பொறித்து வைத்திருக்கிறார்கள். "வாசிச்சுக் காட்டுங்க மாஸ்டர்" என்றாள் பேத்தி. நான் குனிந்து பார்த்தேன். பழைய எழுத்து. மழையும் வெயிலும் தின்றது போக மிஞ்சியதில் ஒரு தகரமும் ஒரு மகரமும் மட்டும் பிடிபட்டன. தமிழ் கற்பிக்கிற எனக்குத் தமிழ் எழுத்தைக் காட்டித் தந்தவர் தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர். "நான் சின்ன வயசில இங்க தெரிய விளையாடினது. எங்கட பெரிய ஹாமுதுரு சொல்லித் தந்தார்" என்று அவர் சிங்களத்தில் சொன்னார். எழுநூறு வருடத்துக்கு முன் ஒரு மானியத்தைத் தமிழிலும் வெட்டி வைத்தார்கள் என்றால், அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தமிழ்க்காரர் அன்று இங்கே இருந்திருக்க வேண்டும். இதை எந்த மாணவனுக்கும் நான் சொன்னதில்லை.

எம்பெக்கவில் மரத்தூண்களின் மல்லர்களையும் இருதலைப் பறவையையும் பிள்ளைகள் தேடித்தேடிப் பார்த்தார்கள். கூரையின் இருபத்தாறு கைமரங்களை ஒரே ஒரு மர ஆணி பிடித்து நிற்பதைச் சாரதி காட்டினார். ஹாஜியாருக்கு அதில் எல்லாம் மனம் ஒட்டவில்லை. "கம்பளைக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று மூன்றுதரம் கேட்டுவிட்டார்.

கம்பளையில் லுஹர் தொழுதோம். சாப்பிட்டு முடிந்ததும் கடையைத் தேடிக் கிளம்பினோம். அவரிடம் இருந்த அடையாளம் இரண்டுதான்: அம்பகமுவ வீதி, கடைக்கு முன்னால் ஒரு கிணறு. வீதியில் இரண்டுதரம் ஏறி இறங்கினோம். கைபேசிக் கடை, மருந்துக் கடை, புடைவைக் கடை. கிணற்றைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. ஓரிடத்தில் ஹாஜியார் நின்றார். என்னைப் பார்த்து, "தம்பி, பதினைந்தாம் வருசக் கலவரத்துல கடைய உடைச்சாங்கன்னு எங்க வாப்பா சொல்லுவாங்க. எங்க பாட்டனார் ரெண்டு நாள் மலையில ஒளிஞ்சிருந்தாராம். நைன்டீன் ஃபிஃப்டீன். அது இந்தத் தெருதானான்னு அவர்கிட்டக் கேளுங்க" என்றார்.

சாரதி என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

எனக்கு அந்த வரலாறு தெரியும். கம்பளை வலஹாகொட தேவாலயத்துப் பெரஹரா, அம்பகமுவ வீதிப் பள்ளிவாசல் முன்னால் மேளம் அடித்துப் போகலாமா என்பதில் எழுந்த வழக்கு அது. மாவட்ட நீதிமன்றம் 1914இல் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த மே மாத வெசாக்கில் கண்டியில் மூண்ட கலவரம் தீவின் பல பகுதிகளுக்கும் பரவியது. அடி அதிகம் விழுந்தது சம்மான்காரர் கடைகளில். பிறகு ஆங்கில அரசு இராணுவச் சட்டம் போட்டுச் சிங்களவர்களைச் சுட்டது. இவ்வளவும் தெரிந்த நான், நடுத்தெருவில் நின்று சிங்களத்தில் சொன்னது இதுதான்: "இங்க பழைய கடைகள் எது எது என்று கேட்கிறார்."

சாரதி ஒன்றும் சொல்லவில்லை. நாலைந்து கடைகளைக் கைநீட்டிக் காட்டினார். அவருக்குத் தெரியாதாம் என்று ஹாஜியாரிடம் நான் தமிழில் இன்னொரு பொய்யையும் சொன்னேன். அவர் ஒரு கடையில் ஏறிக் கால் கிலோ கராம்பும் கொஞ்சம் மிளகும் வாங்கிக்கொண்டு, "வாப்பா ஊருக்கு வரும்போது இதத்தான் கொண்டாருவாங்க" என்றார்.

திரும்பும் வழியில் கெலிஓயாவுக்கு முன்னால், மகாவலி தெரிகிற ஓரிடத்தில் தேநீருக்கு நிறுத்தினோம். சாரதி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சேர், அந்தப் பெரியவர் 1915 பற்றித்தானே கேட்டார்?"

நான் பேசாமல் நின்றேன்.

"நைன்டீன் ஃபிஃப்டீன் என்றது எனக்கு விளங்கினது. ஏன் என்னிடம் கேட்கவில்லை? கேட்டால் நான் கோவிப்பேன் என்று நினைத்தீர்களா?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். "எங்கட ஆட்கள்தான் உடைத்தார்கள். எங்கட கிழவி சொல்லுவாள். 2018இலும் எங்கட ஆட்கள்தான். நான் போகவில்லை. ஆனால் போனவர்களைத் தெரியும். போகாதே என்று ஒருவனிடமும் சொல்லவில்லை. வானை உள்ளே விட்டுக் கேற்றைப் பூட்டிக்கொண்டு படுத்தேன். அதை இன்றைக்குவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை."

அவர் நல்லவரென்று காட்ட இதை எழுதவில்லை. அயல்வீட்டாரைக் காப்பாற்றிய கதைகள் நம்மிடம் உண்டு. அவை உண்மையானவை, சொல்லப்பட வேண்டியவை. இவரிடம் அப்படி ஒரு கதை இல்லை. என்னிடமும் இல்லை. அந்த இரவில் நானும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். கேட்கவிடாமல் தடுத்தவன் நான். இரண்டு மொழியும் தெரிந்ததால் என்னை அழைத்துப் போனார்கள். இரண்டு பேருக்கும் நடுவே சுவராக நின்றேன்.

வானுக்குப் போய் ஹாஜியாரிடம் நடந்ததைச் சொன்னேன். நான் மறைத்ததையும், சாரதி சொன்னதையும், ஒரு சொல் விடாமல். பேத்தி படம் எடுப்பதை நிறுத்திவிட்டாள். ஹாஜியார் கொஞ்ச நேரம் கராம்புப் பொட்டலத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அவர்கிட்டச் சொல்லுங்க. கடைய உடைச்சவங்களத் தேடி நான் வரல. கடை இருந்த எடத்தத் தேடித்தான் வந்தேன். கேட்டதுக்குப் பதில் சொன்னாரே, அது போதும்."

அதைச் சிங்களத்தில் சொன்னேன். சாரதி தலையை மட்டும் ஆட்டிவிட்டு வானை எடுத்தார். கண்டி வரும்வரை யாரும் அதிகம் பேசவில்லை.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் வாரமே, தரம் 10 மாணவர்களை லங்காதிலகவுக்கு அழைத்துப் போக அதிபரிடம் எழுத்தில் அனுமதி கேட்டேன். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், "விகாரைக்கா மாஸ்டர்? பிள்ளைகளுக்கு ஏதும் நடந்தா?" என்று கேட்டார். அவருடைய பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதே பயத்தோடுதான் நானும் இருபது வருடம் இருந்தேன். நானே முன்னால் நடந்து போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வானுக்கு அதே சாரதியைப் பேசி வைத்திருக்கிறேன். அந்தத் தமிழ்ச் சாசனத்தின் அச்சுப் பிரதியைத் தேடி எடுத்து, இரவில் எழுத்துக் கூட்டி வாசித்துப் பழகி வருகிறேன். இந்த முறை ஒரு பிள்ளை "வாசிச்சுக் காட்டுங்க சேர்" என்று கேட்டால், நாலு வரியாவது வாசிக்க வேண்டும்.