பச்சையா இருந்தா காடா?

மினி ப்ராஜெக்டுக்கு ஏற்காட்டை எடுத்தேன். சென்டினல்-2 படத்துல என்.டி.வி.ஐ போட்டுப் பார்த்தா மலை முழுக்கப் பச்சை. ‘காடு நலம்’னு ரிப்போர்ட்டும் எழுதிட்டேன். அப்புறம்தான் நேர்ல போனேன். (வரிசை தப்புதான்!)

அடர்பச்சையா தெரிஞ்ச இடம் காபித் தோட்டம். நிழலுக்கு ஆஸ்திரேலிய சில்வர் ஓக், அதுல மிளகுக்கொடி. அங்க வேலை பார்க்கிற அக்கா சொன்னாங்க: “முன்னாடி பலாவும் அத்தியும் நின்னுச்சு தம்பி. பழத்துக்குப் பறவை வரும்.”

இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புது, என்.டி.வி.ஐ அளக்கிறது அந்த வித்தியாசத்தை. எந்த மரம்னு அது கேட்காது. இந்திய வன ஆய்வு நிறுவனமும் அப்படித்தான்: 1 ஹெக்டேர் நிலத்துல 10 சதவீதம் மரக்கிளை மூடியிருந்தா, என்ன மரம், யார் நிலம்னு பார்க்காம ‘வனப்பரப்பு’ கணக்குல சேர்த்துடும்.

ரிவ்யூவுக்கு ரெண்டு நாள். அந்த வரியை அழிச்சிட்டேன். நாளைக்கு மறுபடி மலையேறி மரத்தை எண்ணணும், பேர் பேரா.