ஐந்து சிறு விமர்சனங்கள்: மதிப்பெண் இல்லை, பயப்பட வேண்டாம்



போன மாதம் நான் போட்ட பதிவைப் பற்றி உங்களில் ஒருவர், "ஐயா, பாதி வரைக்கும்தான் படிச்சேன், மன்னிச்சிடுங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னதற்கு மகிழ்ச்சி. அதனால் இந்த முறை, ஓய்வு பெற்ற பிறகு பார்த்தது, படித்தது, கேட்டது பற்றி ஒவ்வொன்றுக்கும் சில வரிகள் மட்டும். கடைசி ஒன்று கொஞ்சம் நீண்டுவிட்டது. அதை மட்டும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

1. மெய்யழகன் (திரைப்படம், 2024)

பிரேம்குமார் இயக்கியது. பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வருகிறார் அரவிந்த்சாமி. "அத்தான், அத்தான்" என்று உயிரை விடும் கார்த்தியின் பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கேட்கவும் கூச்சம். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்த இடத்தில் எனக்கு வேர்த்தது. பேருந்து நிலையத்தில் "ஐயா, என்னைத் தெரியுதா?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "தெரியாமலா! நல்லா இருக்கியாப்பா?" என்று சமாளித்த ஆள் நான். பாதிப் பேரின் பெயர் எனக்கு நினைவில் இருந்ததில்லை. இன்று ஒப்புக்கொள்கிறேன்.

2. டோட்டோ-சான் (புத்தகம்)

ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயானாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் வெளிவந்தது. தமிழிலும் கிடைக்கிறது. வேறொரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி அவள். ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாக வைத்திருக்கும் புதுப் பள்ளியில் சேர வருகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி அவளை உட்காரவைத்து, "உனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்" என்கிறார். நான்கு மணி நேரம் கேட்கிறார். என் பாடவேளை நாற்பத்தைந்து நிமிடம். அதில் பிள்ளைகள் பேசியதை நான் கேட்டது ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம். ஆசிரியர் பணியில் இருக்கும் என் மாணவர்கள் மூன்று பேரும் இதை வாங்கிப் படியுங்கள். இது வேண்டுகோள் அல்ல, வீட்டுப்பாடம்.

3. சித்தன்னவாசல் (ஓவியம்)

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில். 9ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. சமண ஆசிரியர்தான். ஆனாலும் 'ஆசிரியன்' என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு ஒரு சந்தோஷம். சுற்றுலா என்று உங்களை எத்தனை முறை அங்கே கூட்டிப்போயிருப்பேன்! ஒவ்வொரு முறையும் "வரிசையில நில்லு, குறிப்பு எழுது" என்று கத்திக்கொண்டே இருந்தேன். இந்தத் தடவை தனியாகப் போய், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். விதானம் முழுக்கத் தாமரைக் குளம். மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். கீழே நின்று உங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு, மேலே குளம் இருந்தது இப்போதுதான் தெரிகிறது.

4. பவா செல்லதுரை (கதை சொல்லல்)

பாட்காஸ்ட் என்று பேரன் சொல்வது எனக்கு வானொலி மாதிரிதான். அவன்தான் காதில் மாட்டிவிட்டான். காலை நடையின்போது திருவண்ணாமலை பவா கதை சொல்வதைக் கேட்கிறேன். பிற எழுத்தாளர்களின் கதைகளை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலச் சொல்கிறார். துணைப்பாடக் கதைகளுக்கு நான் உங்களுக்கு வினா விடைதான் எழுதிப்போட்டேன். ஒரு கதையையாவது சொல்லியிருக்கலாம்.

5. வாழை (திரைப்படம், 2024)

மாரி செல்வராஜ் இயக்கியது. முடிவைச் சொல்ல மாட்டேன். சிவனைந்தான் என்ற பள்ளிச் சிறுவன், லீவு நாட்களில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். அவனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். இந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

1997–98, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு. ஒரு பையன் திங்கட்கிழமை தோறும் தூங்கி வழிவான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். நோட்டில் சிவப்பு மையால் "கையெழுத்தைத் திருத்து" என்று எழுதி எழுதி அலுத்துப்போய், ஒருநாள் பிரம்பை எடுத்துக்கொண்டு "கையை நீட்டு" என்றேன். நீட்டினான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், விரல் நுனிகளில் தோலே இல்லை. சனி, ஞாயிறு செங்கல் சூளைக்குப் போகிறான் என்று பக்கத்துப் பையன் சொன்னான். நான் அடிக்கவில்லை. "போய் உட்கார்" என்றேன். அடிக்காததையே பெரிய கருணை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் போகிறாய், வீட்டில் என்ன கஷ்டம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று நானே முடிவுகட்டிவிட்டேன். அப்படிக் கை இருந்தும் திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தானே, அது நாட்டமில்லாமல் முடியுமா?

அரையாண்டுக்குப் பிறகு அவன் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் "பெயர் நீக்கம்" என்று எழுதியதும் இதே கைதான், அதே சிவப்பு மைதான். பாதிப் பேரின் பெயரை மறந்துவிட்டேன் என்று மேலே சொன்னேன் அல்லவா, இவன் பெயரை மறக்கவில்லை.

அந்த வகுப்பில் படித்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரைக் கீழே எழுத வேண்டாம், அவனுக்குச் சங்கடமாக இருக்கலாம். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவன் இருக்கும் ஊருக்கு நானே போகிறேன். நாற்பத்தைந்து நிமிடக் கணக்கெல்லாம் இல்லை, அவன் சொல்வதைக் கேட்டுவிட்டு வருகிறேன்.

உங்கள் தமிழய்யா.